பழைய செங்கல் சுவரைப் பழுது பார்த்தல்: குளிரும் ஓதமும் மிகுந்த இடங்களுக்கான வழிகாட்டி

பழைய வீட்டின் வெளிச்சுவரில் சாந்து உதிர்ந்து, செங்கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரத் தொடங்கியதும், பெரும்பாலோர் முதலில் செய்வது ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி வந்து கற்களுக்கு இடையே உள்ள சந்துகளையெல்லாம் இறுக அடைப்பதுதான். நானும் ஒரு முறை ஆள் வைத்து அப்படியே செய்தேன். வேலை முடிந்த அன்று சுவர் புதிது போல இருந்தது. இரண்டாவது குளிர்காலம் கழிந்து பனி உருகியபோது, அடைத்த சிமென்ட் மட்டும் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதன் நடுவே இருந்த செங்கற்கள் விரல் நுனி புகும் அளவுக்கு உள்வாங்கியிருந்தன. சுவரடியில் செந்தூள் குவிந்து கிடந்தது. நூறாண்டுக் குளிரைத் தாங்கி நின்ற கற்கள் இரண்டே ஆண்டுகளில் கெட்டுப்போனதற்கு அந்தச் சிமென்ட்தான் காரணம் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். பழைய சுவரில் சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். சுவருக்குள் போன ஈரம் அந்தச் சாந்தின் வழியாக வெளியேற வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை ஒட்டியே அமைகிறது.

சுவர் கெடும் விதம்

ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கட்டப்பட்ட வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத திண்ணிய சுவர்கள். அவற்றின் கற்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. மழையில் நனைவதும் காற்றில் உலர்வதும் அந்தச் சுவரின் இயல்பு. நனைந்த சுவர் உலரும்போது ஈரத்தின் பெரும்பகுதி கல்லைவிட நுண்துளை மிகுந்த சாந்தின் வழியாகவே வெளியேறும். அந்த வழியைச் சிமென்ட் கொண்டு அடைத்தால், ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேற வேண்டியதாகிறது. அது வெளியேறி முடிப்பதற்குள் உறைபனி வந்துவிட்டால் கதை வேறாகிறது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். முழுக்க நனைந்த செங்கல்லின் நுண்துளைகளுக்குள் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லாததால், முகம் மெல்லிய தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. சூளையில் வெந்தபோது செங்கல்லின் மேல் உண்டான கெட்டியான தோல் ஒரு முறை போய்விட்டால், உள்ளே இருக்கும் மென்மையான பகுதி இன்னும் வேகமாகக் கரையும்.

இதோடு சுவரின் அசைவும் சேர்கிறது. வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் நீண்டு சுருங்குகிறது. அடிமண் ஈரத்துக்கேற்ப உப்பி அடங்குகிறது. சுண்ணாம்புச் சாந்து அந்தச் சிறு அசைவுகளுக்கு இணங்கிக் கொடுக்கும். மயிரிழை அளவு வெடித்தாலும், உள்ளே வரும் நீரில் கரையும் சுண்ணாம்பு மீண்டும் படிந்து வெடிப்பை ஓரளவு மூடிக்கொள்ளும். சிமென்ட் சாந்து இணங்காது. அது கல்லிலிருந்து விலகி, நடுவே ஓர் இழைப் பிளவை விட்டுவிடும். மழைநீர் அந்தப் பிளவின் வழியே எளிதில் உள்ளே போகும், வெளியே வருவதுதான் கடினம். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். ஆனால் வீட்டுச் சுவர்களில் அது பரவலாகச் சுண்ணாம்பின் இடத்தைப் பிடிக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே வீட்டின் வயது தெரிந்தால் சாந்தைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். உறுதி செய்வதற்குச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல்

கரணையைக் கையில் எடுப்பதற்கு முன், நல்ல மழை பெய்யும் நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வர வேண்டும். சுவர்ப் பழுதுகளில் பெரும்பாலானவற்றின் வேர் சுவருக்கு வெளியே இருக்கிறது: கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் இலைகள் அடைத்து நீர் சுவரில் வழியும், இறங்குகுழாயின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெடித்திருக்கும், ஜன்னல் அடிக்கல்லின் கீழ்ப்புறத்தில் நீர் சொட்டி விழுவதற்காக வெட்டிய பள்ளம் வண்ணப்பூச்சால் நிரம்பியிருக்கும். குழாயின் பின்னால் பாசி படர்ந்த பச்சைக் கோடு தெரிந்தால், அங்கே நெடுநாளாக நீர் ஒழுகுகிறது என்று கொள்ளலாம்.

அடுத்துத் தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும். சுவரின் அடியில் ஓதம் ஏறாமல் தடுக்கப் பலகைக்கல்லோ தாரோ கொண்டு ஓர் அடுக்கு போட்டிருந்தால், வெளித்தரை அதிலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். காலப்போக்கில் தோட்ட மண்ணும் நடைபாதையும் உயர்ந்து அந்த அடுக்கை மூடிவிடுவது மிகவும் சாதாரணம். மண்ணை வெட்டித் தள்ளுவதாலேயே குணமாகும் ஓதத்தை நான் பல சுவர்களில் பார்த்திருக்கிறேன். தண்ணீரின் வழியை மாற்றாமல் சந்தை அடைப்பது செலவுக்கு மேல் செலவுதான்.

கசிவை நிறுத்திய பின்பும் சுவர் உடனே உலர்ந்துவிடாது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 230 மில்லிமீட்டர் சுவர் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பிருந்தால் ஒரு கோடைக்காலம் காத்திருந்து பார்ப்பது நல்லது. பழுது என்று நினைத்ததில் பாதி அதற்குள் நின்றுவிடக்கூடும்.

இரண்டாம் படி: எது உங்கள் வேலை, எது பொறியாளரின் வேலை

சாந்து உதிர்வதும், ஒன்றிரண்டு கற்களின் முகம் பெயர்வதும் பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலைகள். பின்வருவனவற்றைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்: 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பு, படிக்கட்டுப் போலச் சந்து வழியே இறங்கி, மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் வெடிப்பு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் வெளியே பிதுங்கித் தெரியும் சுவர், ஜன்னல், கதவுகளுக்கு மேல் வளைந்து இறங்கிய கல்வரிசை. இரட்டைச் சுவராக, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய வீட்டில் சம உயரங்களில் கிடைமட்டமாக வெடிப்புகள் தோன்றினால், உள்ளே இரு சுவர்களையும் பிணைக்கும் இரும்புப் பட்டைகள் துருப்பிடித்துப் பெருத்திருக்கக்கூடும். அதையும் சாந்து பூசி மறைக்கக் கூடாது.

சுவர் திண்ணியதா இரட்டையா என்பதைப் பெரும்பாலும் முகப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். செங்கற்களின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் அது இரட்டைச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீளப்பக்கமும் தலைப்பக்கமும் மாறிமாறியோ, வரிசைவிட்டு வரிசையோ வந்தால், தலைப்பக்கம் தெரியும் கற்கள் சுவரின் குறுக்கே உள்ளே சென்று பிணைக்கின்றன, அது திண்ணிய சுவர். சிறிய வெடிப்பு வளர்கிறதா என்று அறிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறைந்தது ஆறு மாதம் கவனிக்கலாம்.

வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், சாந்தை மாற்றுவதற்கே முன்னனுமதி தேவைப்படக்கூடும் என்பதால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: இருக்கும் சாந்தை அறிதல்

ஒரு பழைய சாவியோ பேனாக்கத்தியோ போதும். மழை படாத, யாரும் கை வைக்காத ஓர் இடத்தில் சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து மங்கிய வெண்மையாகவோ மணலின் நிறத்திலோ இருக்கும், சுரண்டினால் தூளாகும், ஒரு துண்டைப் பெயர்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அரிசிமணி போன்ற வெள்ளைக் கட்டிகள் ஆங்காங்கே தெரியும். அவை முழுக்கக் கலக்காமல் தங்கிவிட்ட சுண்ணாம்பு. பழைய சாந்துக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. சிமென்ட் சாந்து சாம்பல் நிறமாக, கத்திக்கு எளிதில் மசியாததாக இருக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

மேலே சிமென்ட்டும் உள்ளே சுண்ணாம்பும் இருப்பது அடிக்கடி காணும் நிலை. யாரோ பின்னாளில் மேற்சந்தை மட்டும் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சிமென்ட் ஏற்கெனவே கல்லிலிருந்து விலகி ஆடிக்கொண்டிருந்தால் உளியால் தட்டி எடுத்துவிடலாம். கல்லோடு கெட்டியாகப் பிடித்திருந்தால், அதை எடுக்க முயல்வது கல்லின் விளிம்பையே உடைத்துவிடும். அத்தகைய இடத்தில் சேதம் இல்லாதவரை அப்படியே விட்டுவிடுவதுதான் என் அறிவுரை.

நான்காம் படி: பருவத்தைத் தேர்தல்

வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தாலோ, அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாலோ சாந்து வேலை செய்யக் கூடாது. சுண்ணாம்பு குளிரில் மிக மெதுவாகவே இறுகும். இறுகாத சாந்திலுள்ள நீர் உறைந்தால், மறுநாள் அது விரலால் தள்ளினாலே கொட்டும் பொடியாகிவிடும். ஆகவே வசந்தத்தின் கடைசி உறைபனி கழிந்த பிறகு தொடங்கி, அடுத்த உறைபனி எதிர்பார்க்கும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பாகவே முடித்துவிட வேண்டும். இலையுதிர்காலத்தில் கிடைக்கும் ஒரு வாரத்து இளவெயிலை நம்பி வேலையைத் தொடங்குவது ஆபத்தானது. உறைவதைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் கலப்புப் பொருள்களைச் சுண்ணாம்பில் சேர்க்க வேண்டாம். அவற்றில் பல உப்புகளைக் கொண்டவை, அந்த உப்பு பின்னர் சுவரில் பூத்து வரும்.

ஐந்தாம் படி: சந்தைச் சுரண்டுதல்

முதலில் பாதுகாப்பு. பழைய சாந்தின் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து தீராத நோயைத் தருவது. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு சந்தைக்கூடத் தொடாதீர்கள். உயரத்தில் செய்யும் வேலைக்கு ஏணி போதாது. இரு கைகளும் தேவைப்படும் வேலை இது என்பதால் சாரம் கட்டிக்கொள்ள வேண்டும்.

சுரண்ட வேண்டிய ஆழம் சந்தின் அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 10 மில்லிமீட்டர் சந்துக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர். இதைவிடக் குறைந்தால் புதிய சாந்துக்குப் பிடிமானம் இராது, சில ஆண்டுகளில் பட்டையாக உரிந்து விழும். சந்தின் பின்பக்கம் வட்டமாக இல்லாமல் சதுரமாக, மேலும் கீழும் கல் சுத்தமாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். சந்தைவிடக் குறுகலான உளியும் சிறு சுத்தியலும் போதும்; மிக மெல்லிய சந்துகளுக்குப் பழைய இரும்பறுக்கும் ரம்பத்தின் அலகு உதவும். உளியைக் கல்லின் விளிம்பில் ஊன்றி நெம்பக் கூடாது. சாந்தின் நடுவில் வைத்துத் தட்டி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி உடைக்க வேண்டும்.

வட்ட அலகு சுழன்று வெட்டும் மின்கருவியான கிரைண்டர் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடைச்சந்துகளில் கைதேர்ந்தவர் கிரைண்டரால் நடுவே ஒரு கோடு வெட்டி, மீதியை உளியால் எடுப்பதுண்டு. செங்குத்துச் சந்துகளில் அதை ஓட்டினால் வட்ட அலகு மேலும் கீழும் உள்ள கற்களில் நிச்சயம் வெட்டும். அந்தத் தழும்பு வீடு உள்ளவரை மறையாது. புதியவர் கிரைண்டரைத் தொடாமல் இருப்பதே நல்லது. பழைய சுண்ணாம்புச் சாந்து பெரும்பாலும் உளிக்கே இளகிவிடும்.

மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு சதுர மீட்டர் மட்டும் சுரண்டுங்கள். பின்னர் மென்தூரிகையால் தூசியை முழுவதும் பெருக்கி, தோட்டத்துக் குழாயின் மெல்லிய தெளிப்பால் சந்தைக் கழுவ வேண்டும். தூசி ஒட்டிய கல்லில் எந்தச் சாந்தும் பிடிக்காது.

ஆறாம் படி: சுண்ணாம்பும் மணலும்

கடையில் சுண்ணாம்பு என்று கேட்டால் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பையில் தூளாக வரும் சாதாரணக் கட்டுமானச் சுண்ணாம்பு, அதாவது சி.எல். 90 என்று குறிக்கப்படுவது, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். அதை வழக்கமாகச் சிமென்ட்டோடு சேர்த்தே பயன்படுத்துவார்கள். குழைவாக வாளியில் வரும் நீற்றிய சுண்ணாம்பும் அப்படித்தான் இறுகும்; பழைய மென்கற்களுக்கு அது மிக இணக்கமானது, ஆனால் குளிரும் ஈரமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் இளகியே இருக்கும். ஈரத்திலும் ஓரளவு இறுகும் இயல்புடைய இயற்கை நீரியல் சுண்ணாம்புதான், என்.எச்.எல். என்று பையில் அச்சிட்டிருப்பது, நமக்குத் தேவை.

அதில் 2, 3.5, 5 என்று மூன்று வகை உண்டு. அந்த எண், 28 நாள் கழித்து அது அடைய வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று குறிப்பது. எண் கூடினால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். மென்மையான, மறைவான சுவர்க் கற்களுக்கு 2. மழையும் காற்றும் நேராக அடிக்கும் பெரும்பாலான வெளிச்சுவர்களுக்கு 3.5, புகைபோக்கி, சுவரின் தலைப்பு போன்ற மிகவும் வெளிப்பட்ட இடங்களில், அதுவும் கல் கெட்டியாக இருந்தால் மட்டும், 5.

சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற விகிதம் ஏன் வழங்குகிறது என்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் நீங்களே பார்க்கலாம். உலர்ந்த மணலைக் குவளை நிறையத் தட்டி நிரப்புங்கள். இன்னொரு குவளையில் அளந்த நீரை மெதுவாக, மணலின் மேல்மட்டத்தில் நீர் பளபளக்கும் வரை ஊற்றுங்கள். நல்ல மணலானால் குவளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் பிடிக்கும். மணல்மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் அவ்வளவு. அந்த வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதிக நீர் பிடித்தால் மணிகள் ஒரே அளவாக இருக்கின்றன என்று பொருள். அந்த மணலுக்குச் சுண்ணாம்பு கூடுதலாகத் தேவைப்படும், சாந்தும் சுருங்கி வெடிக்கும். ஆகவே கழுவிய, கூர்முனை கொண்ட, பெரிதும் சிறிதுமாக மணிகள் கலந்த மணலைத் தேர்ந்தெடுங்கள். மிகப் பெரிய மணி சந்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் இதற்கு ஆகாது.

சாந்தின் நிறம் பெரும்பாலும் மணலிலிருந்தே வருகிறது. ஈரச்சாந்து எப்போதும் கருத்துத் தெரியும் என்பதால், இரண்டு மூன்று மணல்களில் சிறு வில்லைகள் செய்து நன்றாக உலரவிட்டு, பழைய சாந்தின் புதிதாக உடைந்த பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மணலை மொத்தமாக வாங்குங்கள்.

கலக்கும்போது மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். ஒரே வாளியால் அளந்து போடுங்கள். உலர்ந்தபடியே நன்றாகப் புரட்டி, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கலந்தபின் பத்து இருபது நிமிடம் ஆறவிட்டு மறுபடி கலக்கினால், கூடுதல் நீர் இல்லாமலே கலவை குழைந்து வரும். பாயிண்டிங்குக்கு, அதாவது சந்தை நிரப்பும் வேலைக்கு, வேண்டிய பதம் கெட்டியானது: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் கசியக் கூடாது. சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பக்கத்தில் சுத்தமான நீரை எப்போதும் வைத்திருங்கள்.

ஏழாம் படி: நிரப்புதலும் முடித்தலும்

உலர்ந்த பழைய செங்கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிக் குடித்துவிடும். நீரை இழந்த சாந்து இறுகாமல் பொடியாகும். ஆகவே முந்தின நாள் மாலையும், நிரப்புவதற்குச் சற்று முன்னும் சந்துகளை நனைக்க வேண்டும். கல் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர்ப்படலம் மினுங்கக் கூடாது.

கைப்பிடி வைத்த சிறு பலகையில் கலவையை எடுத்துச் சந்துக்கு ஒட்டிப் பிடித்து, சந்தைவிடக் குறுகிய பாயிண்டிங் கரணையால் உள்ளே தள்ளுங்கள். முதல் தள்ளல் பின்சுவர் வரை போய் முட்ட வேண்டும். வெளியே நிறைந்தது போலத் தெரிந்து உள்ளே வெற்றிடம் இருந்தால், நீர் தங்குவதற்கு நாமே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தது போலாகும். ஆழமான குழிகளை ஒரே தடவையில் நிரப்பாமல், முதல் அடுக்கு கெட்டியானபின் அடுத்ததைப் போடுங்கள். விளிம்பு தேய்ந்து உருண்டுபோன கற்களுக்கு இடையே சாந்தைக் கல்லின் முகமட்டம் வரை கொண்டுவந்தால், சந்து அகன்று தெரிவதோடு, சாந்தின் மெல்லிய ஓரம் முதல் உறைபனியிலேயே பெயரும். அங்கே சாந்தை ஒரு சிறிது உள்வாங்கியே நிறுத்த வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் பொறுமை தேவை. நிரப்பிய சந்தை உடனே தேய்த்து மழமழப்பாக்கக் கூடாது. அழுத்தித் தேய்த்தால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து ஒரு தோலாகிவிடும்; ஈரம் வெளியேறுவதற்காகச் செய்த வேலையின் பயன் அதனால் குறைந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல், விரல்ரேகை மட்டும் லேசாகப் பதியும் பதம் வரை காத்திருங்கள். அது வெயிலையும் காற்றையும் பொறுத்துச் சில மணி நேரமாகலாம், மறுநாள் காலையாகவும் இருக்கலாம். அப்போது கெட்டி மயிர்த் தூரிகையின் முனையால் சந்தைக் குத்திக் குத்தி அடிக்க வேண்டும். இழுத்துப் பெருக்கக் கூடாது. அந்த அடியில் சுருங்கியதால் வந்த இழை வெடிப்புகள் மூடும். மேல்தோல் உடைந்து மணல்மணிகள் வெளியே தெரியும். சொரசொரப்பான அந்த முகத்தின் வழியாகச் சுவர் எளிதில் உலரும். சரியான பதத்தில் அடித்தால் தூரிகையின் முனை சுத்தமாக இருக்கும். மயிரில் சாந்து ஒட்டி வந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள்.

முடித்த பகுதியின் முன்னே சணல் சாக்கைத் தொங்கவிட்டு, சுவரோடு ஒட்டாமல் சற்று விலக்கிக் கட்டுங்கள். ஒரு வாரமாவது சாக்கை நனைத்துக் கொடுத்து, சாந்து மெதுவாக உலரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டும் மழைக்கும் காய்ந்த காற்றுக்கும் அதுவே காப்பு. எதிர்பாராமல் இரவுக்குளிர் அறிவிக்கப்பட்டால், உலர்ந்த சாக்குகளை இரண்டு மூன்று மடங்காகப் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் மூடலாம்.

கெட்ட கல்லை மாற்றுதல்

முகம் சிறிது பெயர்ந்த கல்லை விட்டுவிடலாம். அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். ஒரு விரற்கடைக்கு மேல் கரைந்து, மேலே உள்ள கல்லின் அடியில் நீர் தங்கும் நிலை வந்தால் மாற்ற வேண்டும். சுற்றியுள்ள சாந்தில் நெருக்கமாகத் துளைகள் இட்டு, உளியால் சாந்தை முழுவதும் எடுத்துவிட்டால், கல்லை உடைக்காமலே உருவிவிட முடியும். உருவியதும் அதன் பின்முகத்தைப் பாருங்கள். பல வேளைகளில் அது புதிது போல இருக்கும், திருப்பி வைத்தாலே போதும். அடுத்தடுத்த கற்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்றை வைத்து, அது இறுகியபின் பக்கத்துக் கல்லுக்குப் போங்கள்.

புதிய கல் வேண்டுமென்றால், பழையவற்றில் பத்துக் கற்களையாவது அளந்து சராசரி எடுங்கள். இன்றைய கல்லின் அளவு பெரும்பாலும் பொருந்தாது. உறைபனி தாங்கும் தரத்தையும் கேட்க வேண்டும்: ஐரோப்பியத் தரக்குறியீட்டில் எஃப் 2 என்பதும், அமெரிக்கத் தரத்தில் எஸ்.டபிள்யூ என்பதும் கடுங்குளிருக்கு உரியவை. இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய கற்கள் அழகாகப் பொருந்தும். ஆனால் அவற்றில் சுவரின் உள்பக்கத்தில் வைத்த, சரியாக வேகாத கற்களும் கலந்திருக்கும். வெளிறிய நிறமும், இரண்டைத் தட்டினால் மணியோசைக்குப் பதிலாக மந்தமான ஒலியும் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். வெளிச்சுவரில் அது ஒரு குளிர்காலத்தையும் தாண்டாது.

வைக்கும்போது குழியையும் கல்லையும் நனைத்து, அடியிலும் பின்னாலும் சாந்து பரப்பி, கல்லின் மேலும் தலைப்பக்கங்களிலும் சாந்து ஏற்றி உள்ளே தள்ள வேண்டும். மட்டக்கோலை வைத்துச் சுற்றுக் கற்களோடு முகம் சேர்கிறதா என்று பார்த்து, மேற்சந்தை மெல்லிய கரணையால் இறுகத் திணிக்க வேண்டும். மேலே உள்ள பாரம் அந்தச் சந்தின் வழியாகத்தான் இந்தக் கல்லுக்கு இறங்குகிறது.

செய்யக் கூடாதவை சில

நீர் புகாமல் காக்கும் என்று விற்கப்படும் நிறமற்ற பூச்சுகளைப் பழைய செங்கல்மேல் அடிக்க வேண்டாம். வெடிப்புகள் வழியே உள்ளே போகும் நீரை அவை தடுப்பதில்லை, வெளியேறுவதைத்தான் தாமதப்படுத்துகின்றன. பூச்சின் பின்னால் உப்பு படிகமாகி முகத்தை உடைத்துத் தள்ளும். மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்வதும், அழுத்தமான நீர்த்தாரையால் கழுவுவதும் செங்கல்லின் தோலை உரிப்பதற்குச் சமம்.

சுவரில் வெண்ணிறமாக உப்புப் பூத்தால் அதைத் தண்ணீரால் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், உலரும்போது திரும்பி வரும். உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சுவர் உலர உலர அது குறையும்; குறையவில்லை என்றால் எங்கோ நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

உள்பக்கம் கனமான குளிர்காப்புப் பலகை ஒட்ட எண்ணுபவர்கள், வீட்டின் வெப்பம் அதற்குப் பின் சுவருக்குக் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதுவரை உள்வெப்பத்தால் சற்றே காய்ந்துகொண்டிருந்த வெளிச்சுவர் இனி அதிகம் குளிரும், மெதுவாக உலரும், உறைபனிச் சேதமும் கூடும். வெளிப்பழுதை முழுவதும் முடித்து, சுவர் காய்ந்ததை உறுதி செய்த பிறகே அந்த வேலையைப் பற்றி யோசியுங்கள்.

புகைபோக்கியைப் பழகிய கொத்தனாரிடம் விட்டுவிடுவதே நல்லது. நான்கு பக்கமும் மழைக்கும் பனிக்கும் வெளிப்பட்டு நிற்பது அது. உள்ளே புகையிலிருந்து படிந்த சல்பேட் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட் சாந்தைத் தாக்கும்போது, மழை அடிக்கும் பக்கத்துச் சாந்து பெருத்து, புகைபோக்கி எதிர்ப்பக்கம் சாய்வதைப் பல வீடுகளில் காணலாம். அவரிடம் என்ன சாந்து போடப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு, சுண்ணாம்பின் வகையையும் விகிதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

முதல் குளிர்காலத்துக்குப் பின்

பனி உருகியதும் சாவியோடு மறுபடி சுவரைச் சுற்றி வாருங்கள். சாவி லேசாகக் கீறினால் சரி. சாந்து கொட்டினால் அந்த இடம் உறைந்திருக்கிறது, அவ்வளவை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் நிரப்பலாம். கல்லுக்கும் சாந்துக்கும் நடுவே இழை தெரிந்தால், நிரப்பும்போது கல் காய்ந்திருந்தது அல்லது கலவையில் நீர் கூடிவிட்டது. எந்தச் சுண்ணாம்பு, எந்தக் குவாரி மணல், என்ன விகிதம், எந்த மாதம் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு ஜாடியில் இரண்டு கைப்பிடி மணலும் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தச் சுவரில் உளி வைப்பவருக்கு அவை இரண்டும் தேவைப்படும்.